கேட்டால் சொல்வேன்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
12.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தயாமணி எழுதுவது. ஆண்டவர் தயவில் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காது மெஷினை மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாய் என்று உன் மருமகள் தமிழ்செல்வி சொன்னாள். அதனால்தான் கடிதம். உன்னிடம் போனில் கத்தினால் இந்தத் தெருவே எட்டிப் பார்க்கும்.

நான் கிளம்பிய அன்று நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் ஆஸ்பத்திரியில நர்சா இருந்தது போதாதா? ரிட்டயர் ஆனப்புறமும் ஊழியம்னு ஓடணுமா?" என்று நீ உள்ளே இருந்தே கேட்டாயே, அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயதானவர்களை ஒன்றரை வருஷ ஊழியத்துக்கு அனுப்பப்போகிறோம் என்று சபையில் அறிவித்தபோது என் கை தானாக மேலே போய்விட்டது. அறுபத்துமூன்று வயதில் மிஷனரி! சிரித்துக்கொள்.

ஐந்து மணிக்கு எழுகிறேன். ஜெபம் முடித்து ஒரு டம்ளர் காபி. ஆறரைக்கு மணிவேல் ஆட்டோ கொண்டுவருவார். கிரிவலப் பாதையில் சபை ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறது. இரண்டு பெஞ்சு, நாலு பேசின், ஒரு அலமாரி மருந்து. மலையைச் சுற்றி நடக்கிறவர்கள், அங்கேயே தங்கிவிட்ட சாமியார்கள், பூ விற்கிறவர்கள், யாருக்குக் காலில் புண் இருந்தாலும் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுவது என் வேலை. பதினொரு மணிக்கு மேல் படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிறேன். சில நாள் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

முதல் நாளே சடை வைத்த ஒரு சாமியார் காலை நீட்டிக்கொண்டே கேட்டார்: "என்னாம்மா, மதம் மாத்த வந்தியா?"

"இல்ல சாமி, கட்டு மாத்த வந்தேன்" என்றேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் அவரே இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி பச்சையம்மாள் கீழே இருக்கிறார். வந்த அன்றே ஒரு கிண்ணம் வேர்க்கடலைச் சட்னி கொடுத்தனுப்பினார். ஆண்டவருக்கு நன்றி சொல்ல இன்றைக்கு இந்தச் சட்னி போதும்.

கோபம் தணிந்தால் எழுது. தணியாவிட்டாலும் எழுது.

உன் தங்கை,
தயாமணி


ராணிப்பேட்டை
21.6.2023

அன்புத் தங்கை தயாவுக்கு,

அக்கா சுகிர்தம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பிரஷர் மாத்திரையை மறக்காதே. நர்சுகள்தான் முதலில் மறப்பார்கள்.

என் கோபம் ஊழியத்தின்மேல் இல்லை. நீ கன்னியாகுமரிக்குப் போயிருந்தால் பஸ் ஏற்றிவிட வந்திருப்பேன். உனக்குக் கிடைத்தது அந்த ஊர்தானா?

என் வீட்டுக்காரர், உன் மாமா, வீட்டைவிட்டுப் போய் இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. அப்போது நீ வேலூரில் டியூட்டியில் இருந்தாய். உனக்கு எல்லாவற்றையும் நான் சொன்னதில்லை. அவர் போய் மூன்றாம் மாதத்தில், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். ஒன்பது வயது மகன் எழிலைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மூன்று முறை அங்கே போனேன். அந்த மலைப் பாதை முழுக்க, காவி கட்டினவர் ஒவ்வொருவருடைய முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தோம். சிலர் திட்டினார்கள். சிலர் திருநீறு கொடுத்தார்கள். மூன்றாம் முறை எழிலுக்கு வெயிலில் காய்ச்சல் வந்து வலிப்பு கண்டுவிட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினபோது, இனி இந்த ஊர் மண்ணை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆகவே என்னை அங்கே கூப்பிடாதே. ஆனால் நீ எழுது. உன் சாமியார் கதை நன்றாக இருந்தது. தமிழ்செல்விக்குப் படித்துக் காட்டினேன்.

உன் அக்கா,
சுகிர்தம்


வேங்கிக்கால்
9.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தயாமணியின் அன்பு. நான் நலம். நீ மூன்று முறை இங்கே வந்த விவரம் எனக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

போன திங்கள் பௌர்ணமி. அக்கா, அந்தக் கூட்டத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மறுநாள் காலையில் கொட்டகை முன்னால் கால்கள்தான். கொப்புளம், கண்ணாடி கிழித்தது, பழைய கால் ஆணி. தர்மபுரியிலிருந்து வந்த புதுப் பெண் மெட்டி வெட்டின விரலைக் காட்டி அழுதாள். ராஜா என்று ஒரு லாரி டிரைவர், கொப்புளத்தில் ஊசி பட்டதும் என்னை "அம்மா" என்று கத்திவிட்டு, பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மணிவேலும் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். தொண்ணூற்றாறு பேர் வரைக்கும் எண்ணினேன்.

என் முதுகு பிளந்துவிட்டது. இருந்தாலும், இந்த வயதில் இந்தக் கைக்கு இன்னும் வேலை கொடுத்திருக்கிறாரே என்று நன்றியாக இருந்தது.

கடைசியாக இன்னொரு காலும் வந்தது. ஒரு பெரியவர், சர்க்கரைப் புண். அது ஆற நாளாகும்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தயாமணி


ராணிப்பேட்டை
20.7.2023

அன்புள்ள தயாவுக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. இங்கே எழிலுக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம்.

உன் கடிதத்தில் டிரைவருக்குக்கூடப் பெயர் இருக்கிறது. அந்தப் பெரியவர் மட்டும் ஏன் வெறும் பெரியவர்? சர்க்கரைப் புண்ணை விடாதே. நம் அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

உன் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பச்சையம்மாளைத் தேய்த்துவிடச் சொல். அவருக்கு என் அன்பு.

சீக்கிரம் பதில் போடு.

சுகிர்தம்


வேங்கிக்கால்
2.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தைலம் வந்தது. பச்சையம்மாள் தேய்த்துவிட்டு, "ராணிப்பேட்ட அக்காவ ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க" என்றார்.

வேலை நடக்கிறது. இரண்டு பௌர்ணமி போய்விட்டது. கீழ்பென்னாத்தூரில் பக்கவாதத்தில் கிடந்த சகாதேவன் என்கிற விவசாயி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தார். அவர் மனைவி எனக்கு மடி நிறையக் கடலை கொட்டினார். அன்று முழுக்க நன்றிப் பாட்டு பாடிக்கொண்டே ஆட்டோவில் வந்தேன். மணிவேல் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "நல்லா இல்லன்னாலும் பரவால்ல, பாடுங்கம்மா" என்றார்.

அந்தப் பெரியவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார். புண் ஆறுகிற மாதிரி இல்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். ஏன் என்று கேட்காதே. மாமா போன அன்று வீட்டில் ஏதாவது சண்டை நடந்ததா?

தயாமணி


ராணிப்பேட்டை
14.9.2023

அன்புள்ள தயாவுக்கு,

நலம். உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

ஏன் என்று கேட்காதே என்கிறாய். சரி, கேட்கவில்லை. சண்டை நடக்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. உப்புமா சாப்பிட்டார். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது; புது வாஷர் போட்டார். எழிலுக்கு இரண்டு கணக்கு சொல்லிக்கொடுத்தார். கம்பெனிக்குப் போகிற சட்டையோடு போனார். கம்பெனிக்குப் போகவில்லை. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு காரணமாவது எனக்கு இருந்திருக்கும். ஞாயிறு பள்ளியில் அத்தனை பிள்ளைகளுக்கும் பாடம் சொன்ன மனுஷர். என் சமையல் பிடிக்கவில்லையா, என் முகம் பிடிக்கவில்லையா என்று பத்து வருஷம் யோசித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

இப்போது நான் உன்னிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருகிறதல்லவா? மாமனார் கல்லறைக் கல்லை எழில் புதிதாக வைக்கிறான். அதில் தன் அப்பா பெயரையும் வெட்டிவிடலாம் என்கிறான். "எத்தினி வருஷம்மா இப்படியே நிக்கிறது? செத்துட்டாருன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டா நீயும் நிம்மதியா இருப்ப, நானும் இருப்பேன்" என்கிறான். கல் வேலைக்காரர் பெயரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். தேவநேசன் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டேன். கொடுக்க மனம் வரவில்லை.

நீ என்ன சொல்கிறாய்? நீ சரி என்றால் கொடுத்துவிடுகிறேன்.

சுகிர்தம்


வேங்கிக்கால்
12.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க ஜெபம்.

பெயரை வெட்ட வேண்டாம்.

தயாமணி


ராணிப்பேட்டை
16.10.2023

தயா,

நான்கு வாரம் காத்திருந்ததற்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். ஜூலை மாதம் வந்த அந்தப் பெரியவருக்கு இன்றுவரை பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. ஆனால் அவர் வந்ததிலிருந்து உனக்கு எழுதக் கை வரவில்லை.

நேராகக் கேட்கிறேன். அது அவரா?

சுகிர்தம்


வேங்கிக்கால்
20.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஆம். அவர்தான்.

பௌர்ணமிக்கு மறுநாள். வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தார். காவி வேட்டி, வெள்ளைத் தாடி. நான் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கு எனக்குக் கால்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. இடது காலைப் பேசினில் வைத்துக் கழுவினேன். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியிருந்தன. நம் எழிலுக்கு இருக்கிற மாதிரியே. என் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

"மாமா" என்றேன்.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். "எடுக்காதீங்க, புண்ணுல மண்ணு பட்டுடும்."

"தயாவா?" என்றார். நான் கட்டுப் போட்டு முடித்தேன். எழுந்திருக்கும்போது சொன்னார்: "சுகிர்தத்துக்குச் சொல்லாதம்மா."

"நானா எழுத மாட்டேன். என்கிட்ட வைத்தியத்துக்கு வர்றவங்க விஷயத்த வெளிய சொல்றது எனக்குப் பழக்கமில்ல. ஆனா அவ கேட்டா சொல்வேன். பொய் சொல்ல வராது."

"அவ எப்படிக் கேப்பா? இருவத்தொம்போது வருஷமாச்சு."

"உங்களுக்கு அவள மறந்துபோச்சு மாமா. அவ கேப்பா."

இவ்வளவுதான் நடந்தது. அந்தக் காலைக் கழுவும்போது எனக்கு அன்பு பொங்கியது என்று நினைத்துவிடாதே. முதல் வாரம் ஜெபத்தில் உட்காரவே முடியவில்லை. ஒருநாள் கோபத்தில் கட்டை இறுக்கிக் கட்டிவிட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. பத்து அடி நடந்து போனவரை நானே திரும்பக் கூப்பிட்டு, அவிழ்த்து, தளர்த்திக் கட்டினேன். இங்கே வந்து நான் செய்த ஊழியத்தில் கஷ்டமானது அதுதான்.

எழிலைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டார். நன்றாக இருக்கிறான், தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இத்தனை மாதம் உன்னிடம் மறைத்தேன். அவருக்குக் கொடுத்த வார்த்தைக்கும் உனக்கும் நடுவில் நான் நின்றேன். நீ என்னை என்ன சொன்னாலும் சரி. ஆனால் அவர் கொட்டகைக்கு வருகிறவரைக்கும் நான் கட்டுப் போடுவேன். அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே.

தயாமணி


வேங்கிக்கால்
9.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இருபது நாளாக உன் பதில் இல்லை. போனில் தமிழ்செல்வி, "அத்தை நல்லாத்தான் இருக்காங்க, யார்கிட்டயும் பேசறதில்ல" என்கிறாள். உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

மாமாவின் கால் அழுகிவிட்டது. திங்கள்கிழமை அவர் வரவில்லை. நானும் மணிவேலும் தேடிப் போனோம். ஒரு மண்டபத்து ஓரத்தில் காய்ச்சலில் கிடந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் அம்மா சொல்கிறார். மாமா மாட்டேன் என்கிறார். "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் மலை பாத்துக்கும்" என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். யாரும் இல்லை என்று எழுதச் சொல்லிவிட்டார்.

நான் கையெழுத்துப் போடலாம். போடவும் தயார். ஆனால் அவருடைய சம்மதத்தை என்னால் வாங்க முடியவில்லை.

நீ வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். இனி எதையும் மறைக்க மாட்டேன்.

தயாமணி


ராணிப்பேட்டை
19.11.2023

அன்புள்ள தயாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, தீபாவளிக் கூட்டத்தில் ஆரணி வரைக்கும் நின்றுகொண்டே வந்ததால். தைலம் போடுகிறேன். உன் முதுகு எப்படி?

அன்று ஆஸ்பத்திரி வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் உன் வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. உன்னை வெளியே நிற்கச் சொன்னேன், நின்றாய். திரும்பி வந்தபோது என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. அதற்கு நன்றி. இப்போது எழுதுகிறேன்.

காது மெஷினைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்று. என்னைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் மனதுக்குள் எத்தனையோ பேசி வைத்திருந்தேன். ஒரே கேள்விதான் வந்தது.

"ஏன் சொல்லாமப் போனீங்க?"

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்."

"போகாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்" என்றார். "ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் பாடம் சொல்லிட்டிருந்தேன். எனக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு ஒருநாள் தெரிஞ்சுபோச்சு. உங்கிட்ட அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இங்க வந்து இந்த மலைய பாத்து உக்காந்தேன். ஒருநாள் உக்காந்துட்டு வந்துடலாம்னுதான் நெனச்சேன்."

"அந்த ஒருநாள்லதான் நாங்க உங்கள தேடினோம். மூணு வாட்டி. புள்ளைய இழுத்துட்டு."

"தெரியும். ஒருவாட்டி பாத்தேன். கல்லுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன்."

தயா, அந்த நேரத்தில் எழுந்து வந்துவிடத்தான் நினைத்தேன். கால் தரையில் ஊன்றிவிட்டது. எழுந்திருந்தால் அந்தக் கதவைத் தாண்டியிருப்பேன், அவர் செத்திருப்பார். எழிலுடைய காய்ச்சல் முகம் கண்ணில் வந்தது. அவன்தான் என்னை உட்கார வைத்தான்.

"கல்லறைக் கல்லுல உங்க பேரை வெட்ட எம் புள்ள ஏற்பாடு பண்ணிட்டான். நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

"வெட்டிடச் சொல்லேன். அதுதான் சரி."

"உங்களுக்குச் சரி. அவனுக்கு? கல்லுகிட்ட போயி அவன் என்னா கேப்பான்? எதுக்குய்யா என்னை வுட்டுட்டுப் போனன்னு கேட்டா கல்லு பதில் சொல்லுமா? நான் உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. அது வரும்போது வரட்டும், வராமயும் போகட்டும். எம் புள்ள கோவிச்சிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். அதுக்கு நீங்க உயிரோட இருக்கணும். கால் போனா போகுது. கையெழுத்துப் போடுங்க."

என் சத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் பெண் ஓடி வந்தாள். அவர் கையை நீட்டினார். பேனா கொடுத்தேன். போட்டார்.

அடுத்தது என் கையெழுத்து. 'உறவு' என்று ஒரு கட்டம். "பாட்டிம்மா, இதுல என்னா முறைன்னு எழுதுங்க" என்றாள் நர்ஸ். இருபத்தொன்பது வருஷமாக எந்தக் காகிதத்திலும் கணவர் பற்றிய கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தவள் நான். விதவை என்று எழுத உரிமை இல்லை, மற்றதை எழுத மனம் இல்லை. அன்று 'மனைவி' என்று எழுதினேன். அவருக்காக இல்லை, தயா. அதுதான் உண்மை, நான் ஏன் கோடு போடவேண்டும்?

பிறகு ஆபரேஷன் முடிகிறவரைக்கும் நீயும் நானும் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும் நான் பஸ் ஏறினேன். ஏன் இருந்து பார்க்கவில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மூன்று மாதம் மறைத்தாய். ஆனால் அந்த மூன்று மாதமும் அவர் காலைக் கழுவினாய். நான் அங்கே இருந்திருந்தால் கழுவியிருப்பேனா? மாட்டேன். ஆகவே அந்தக் கோபத்தோடு சேர்த்து நன்றியும் சொல்கிறேன். நீ எதற்காக ஊழியத்துக்குப் போனாய் என்று இனிக் கேட்க மாட்டேன்.

எழிலிடம் நேற்று சொல்லிவிட்டேன். இன்று அவன் ஞாயிறு ஆராதனைக்கு வராமல் வீட்டில் பைக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். வருவானா என்று தெரியாது. நான் வற்புறுத்தவில்லை.

உன் அக்கா,
சுகிர்தம்


வேங்கிக்கால்
11.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தயாமணியின் அன்பும் ஸ்தோத்திரமும். முதுகு பரவாயில்லை. உன் முழங்காலுக்கு இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார், அது பிறகு.

எழில் நேற்று வந்தான். உன்னிடம் சொல்லிவிட்டு வந்தானா என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாமாவுக்குப் புண் ஆறி வருகிறது. தீபத்தன்று வார்டு ஜன்னல் வழியாக எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். நான்தான் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். அவர் கும்பிட்டார். நான் பக்கத்தில் நின்று என் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டேன். இப்போது கைத்தடி பிடித்து நிற்கப் பழகுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும், கீழே காலியாக இருக்கிற ஓர் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று பச்சையம்மாள் தாமாகவே சொன்னார். போதகர் ஐயாவிடம் சொன்னேன், சரி என்றார். கட்டுப் போடுவதை நான் பார்த்துக்கொள்வேன்.

நேற்று நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது. எழில் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாமா அவனைப் பார்த்தார். யார் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை. பத்து நிமிஷம் அப்படியே நின்றான்.

அப்புறம் ஆரம்பித்தான், அக்கா. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி. ஸ்கூல் ஃபாரத்தில் அப்பா பெயர் எழுதும்போது பையன்கள் கேட்டது. பத்தாவது பாஸ் பண்ணின அன்று சாயங்காலம் வரைக்கும் தெருமுனையில் நின்றது. கல்யாணப் பத்திரிகையில் 'தேவநேசன் அவர்களின் குமாரன்' என்று போட்டுவிட்டு, மண்டபத்தில் ஒவ்வொரு முறை வாசலில் சத்தம் கேட்டபோதும் திரும்பிப் பார்த்தது. "அம்மா அழுது நான் பாத்ததே இல்ல தெரியுமா? அழமாட்டா. அதான் எனக்கு பயம்" என்றான். நீ இதையெல்லாம் கேட்டிருக்கிறாயா என்று தெரியவில்லை. நான் கேட்டதில்லை.

மாமா தலை குனியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, குறுக்கேயும் பேசவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கண்ணில் தண்ணீர் தாடிக்குள் ஓடியது, துடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. வாட்ச்மேன் வந்து, "சார், டைமாச்சு, கெளம்புங்க" என்றார். எழில் பாதி வாக்கியத்தில் நின்றான். என் பாட்டிலை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தான். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் விடுவிடு என்று வெளியே போய்விட்டான். அவ்வளவுதான், இனி வரமாட்டான் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் ஆட்டோவில் ஏறும்போது போன் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எழில். பின்னால் போளூர், ஆரணி என்று கூவுகிற சத்தம்.

"சித்தி, அடுத்த ஞாயித்துக்கெழமையும் நாலு மணிக்குத்தான் உள்ள வுடுவாங்களா?"

"ஆமாம்ப்பா. ஏன்?"

"ஒரு மணி நேரம் பத்தாது சித்தி. நான் இன்னும் பாதிகூட சொல்லல."

நான் மணிவேலை ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய், போர்வையை விலக்கி, மாமாவிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இந்த ஊரில் இன்னும் ஒரு வருஷ ஊழியம் எனக்குப் பாக்கி இருக்கிறது. அதற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

எல்லாருக்கும் என் அன்பு. வேளைக்கு மாத்திரை சாப்பிடு.

உன் தங்கை,
தயாமணி